பழைய கேம், புது விலை

கேள்வி: ஏற்கெனவே ஆடிய கேமை ‘ரீமாஸ்டர்’ என்று விற்கிறார்களே, மறுபடி காசு கொடுக்கலாமா? கன்சோலா, பிசியா?

பதில்: பூச்சு மட்டும் புதிது என்றால் வேண்டாம், உயிர் கூடியிருந்தால் தாராளமாக! ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-இல் வந்தபோது இந்தியப் படையே கிடையாது. 2019-இல் அதைப் புதுப்பித்தார்கள். 2022-இல் திராவிடர்களே களமிறங்கினார்கள், சுருள்வாள் வீரர்களும் திரிசடைக் கப்பலுமாக! இதற்கு இரண்டாம் முறை பணம் கட்டியதில் எனக்குப் பெருமை. 2021-இல் புதுப்பித்து விற்ற ஜிடிஏ முத்தொகுப்போ பிழைகளோடு வந்தது, அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. கன்சோலா, பிசியா என்றால், கதை கேம்களைச் சோபாவில் சாய்ந்து ஆடக் கன்சோல் சுகம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 2023-இல் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்துவிட்டது; ஆனாலும் ஒரு படையையே ஒரே இழுப்பில் வளைத்துப் பிடிக்க மௌஸ்தான் வேண்டும்.