வாழ்க கருஞ்சில்லு!

ஹாம் வானொலிக்காரர் யார்? பன்னாட்டு வானொலி விதிகள் அவரைப் போற்றிப் பாடுகின்றன: பண லாபம் கருதாதவர், தானே கற்பவர், நுட்பங்களை ஆராய்பவர். வெளிநாட்டு ஹாமோடு பேசும்போது பொருளை மறைக்கும் குறியாக்கம் கூடாது என்றும் அதே விதிகள் கண்டிக்கின்றன. இத்தகைய தவசீலர்கள் டிஜிட்டல் குரலுக்கு மாறியபோது என்ன செய்தார்கள்? உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒரு சில்லைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குள் வாயை வைத்துப் பேசினார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை.

ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக் வகுத்த டி-ஸ்டார் என்ற டிஜிட்டல் குரல் நெறிமுறையைப் பாருங்கள். வினாடிக்கு 4,800 பிட். குரலுக்கு 2,400, அதன் பிழைதிருத்தத்துக்கு 1,200, தரவுக்கு 1,200. எல்லாம் பகிரங்கம். ஆனால் அந்த 2,400-க்குள் குரல் எப்படி மடிகிறது என்பது மட்டும், அந்தச் சில்லை விற்கும் டிவிஎஸ்ஐ நிறுவனத்தின் ஏஎம்பிஇ கோடெக்கின், அதாவது குரலைப் பிட்டுகளாக மடிக்கும் முறையின், சொந்த விஷயம். காப்புரிமை ஆவணங்களில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள் பக்தர்கள். இருக்கிறது. படித்துப் புண்ணியம் தேடலாம்; ஆனால் காப்புரிமை உயிரோடிருந்தவரை, செய்துபார்த்தால் வழக்கறிஞர் வந்திருப்பார்.

டி-ஸ்டாரில் ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் முன்னே செல்லும் தலைப்பு 41 பைட். அழைத்தவர், அழைக்கப்பட்டவர், இரண்டு ரிப்பீட்டர்கள் என்று அழைப்புக்குறிகளுக்கே 36 பைட். இது எந்தக் கோடெக் என்று சொல்ல ஒரு பிட்கூட இல்லை. எதற்கு வேண்டும்? கடை ஒன்று, முதலாளி ஒருவர்! பிறகு டிஎம்ஆர், சிஸ்டம் ஃப்யூஷன் என்ற வேறு இரண்டு டிஜிட்டல் குரல் முறைகளும் அதே கடையின் புதிய சரக்கான ஏஎம்பிஇ பிளஸ் டூவோடு வந்தன. பழையதும் புதியதும் பேசிக்கொள்ள வேண்டுமானால் நடுவில் குரலை அவிழ்த்து மறுபடி மடிக்க வேண்டும். அதற்கும் சில்லு. அதற்கும் காசு.

விடுதலை வந்தது. ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் கோடெக் 2-ஐ மூலநிரலோடு எல்லோருக்கும் கொடுத்தார். அதை வைத்துப் போலந்தில் எம்17 என்ற நெறிமுறை பிறந்தது. கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் புரட்சிக்காரர்களின் முதல் விவரக்குறிப்பைத் திறந்தால், 16 பிட் வகைப் புலத்தில் மறையாக்க வகைக்கு 2 பிட், அதன் உட்பிரிவுக்கு 2 பிட். வெளிநாட்டு ஹாமோடு பேசும்போது விதி விலக்கிவைத்த மறையாக்கத்துக்கு 4 பிட்! கோடெக்கின் பெயருக்கு? பூஜ்யம். குரல் என்றால் கோடெக் 2 என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். பழைய முதலாளியை விரட்டிவிட்டு அவர் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நாளை இதைவிட நல்ல கோடெக் வந்தால் அதை எந்தக் கதவு வழியாக உள்ளே விடுவது?

அடுத்த நெறிமுறையை வரையப்போகிறவர்களே, தலைப்பில் 8 பிட் ஒதுக்குங்கள். டி-ஸ்டாரில் அழைப்புக்குறியின் ஓர் எழுத்துக்கு ஆகும் இடம்தான்; 256 கோடெக்குகளுக்கு எண் தரலாம். எந்த எண் எதற்கு என்ற அட்டவணையை யாரும் படிக்கும்படி வையுங்கள். அதுவும் முடியாதென்றால் அழைப்புக்குறிகளையும் தூக்கிவிடுங்கள். பொத்தானை அமுக்கியதும் சில்லு விற்கும் நிறுவனத்தின் பெயரையே சொல்லி ஒலிபரப்பைத் தொடங்குங்கள்.