சாமி, கொஞ்சம் கை வையுங்க!

1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் சாகசப் பாதிரியாருக்கு ஒரு விதி இருந்தது: கூர்மையான ஆயுதத்தைத் தொடக்கூடாது. வாள் ஆகாது, ஆனால் இரும்புத் தண்டாயுதத்தால் பூதத்தின் மண்டையைத் தாராளமாகப் பிளக்கலாம். அதற்கு ரத்தமே வராது போலும்! முதல் நிலையில் பாவம், அவருக்கு ஒரு மந்திரம்கூடத் தரவில்லை. நடமாடும் பிணங்களைப் பார்த்து அதட்டலாம், அவ்வளவுதான்.

பிறகு காயம் ஆற்றும் மந்திரம் வந்தது, நிம்மதி போனது. பொறி வைத்த பெட்டி என்று தெரிந்தே திருடன் கையை விடுவான். டிராகனிடம் வீரன் வாய் கொடுப்பான். அப்புறம், “சாமி, கொஞ்சம் கை வையுங்க!”

ஆள் செத்தே போனால்தான் செலவு. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், பிழைக்க வைக்கும் ஒரு மந்திரத்துக்கு 500 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும். மந்திரம் முடிந்தால் வைரமும் காலி. தெய்வத்திடம் தவணை, தள்ளுபடி எதுவும் நடக்காது. இத்தனையும் செய்து எழுப்பினால், எழுந்தவன் முதலில் மடியைத் தடவிப் பார்க்கிறான்:

“சாமி, புதையலில் என் பங்கு எங்கே?”