எலிக்குப் பெண் பார்க்கப் போறியா, மக்கா?

லே மக்கா, உன் சங்கதி காதில விழுந்துது. கரமனையில அவனவன் தேங்காய்ச் சில்லைச் சுட்டுப் பொறியில மாட்டிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான். நீ காசு குடுத்து எலி வாங்கி, வீட்டில வச்சுப் பெருக்கப் போறியாம். நல்லது. எலிச் சாதிக்கும் தெருவில ஒரு ஆளு வேணும்லா.

எலியில பிழைச்சவங்க இல்லாம இல்லே. அமெரிக்காவில கிரான்பின்னு ஒரு ஊரு. அங்க அபி லாத்ராப்னு ஒரு டீச்சரம்மா வேலையை விட்டுட்டுக் கோழி வளர்த்தா. கோழி காலை வாரிடுச்சு. 1900 வாக்கில ஒரு ஜோடி சுண்டெலி வாங்கி விட்டா. பெருகிப் பெருகிப் பத்தாயிரத்தைத் தாண்டிச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடத்தில ஓடுத சி57 கறுப்பெலிக்கு ஆதித்தாயி, அவகிட்டயிருந்து போன 57-ஆம் நம்பர் பெட்டைதான்.

இதைக் கேட்டுத் துள்ளாதே. அந்தம்மா முதல்ல வாங்கினது ‘ஆடும் எலி’. நின்ன இடத்தில சுத்திச் சுத்தி வரும், பாக்கவன் கைதட்டுவான். அது கலையில்லே மக்கா, உள்காதில கோளாறு. நீயும் கடையில எது தலையைச் சாய்ச்சு உன்னைப் பாக்குதோ அதைத்தான் முதல்ல கைகாட்டுவே; உன் புத்தி எனக்குத் தெரியும். தலை சாயது கொஞ்சல் இல்லே, காதில சீழ் பிடிச்சதா இருக்கும். நேரா நடக்கதை எடு.

பெண் பாக்கப் போனவன் மிக்சரைத் தின்னுட்டு மூஞ்சியை மட்டும் பாத்துட்டு வருவான். நீ முதல்ல வாசல்ல நின்னு மோந்து பாரு. மூத்திர நெடி கண்ணைக் கரிச்சா, வந்த வழியே திரும்பு. அந்த நெடியிலே கிடக்க எலிக்கு நெஞ்சு உருப்படாது. உச்சைக்குப் போகாதே. தூங்கும்போது சீக்காளியும் ஒண்ணு, சுகவாளியும் ஒண்ணு. அந்திக்குப் போ, முழிச்சு ஓடும்.

கையில எடுத்துக் காதோரம் வை. மூச்சுச் சத்தம் கேக்கப்படாது. கிட்கிட்டுன்னு கேட்டா கீழே வச்சிடு. மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி, தாய்கிட்டயிருந்து குட்டிக்கு இறங்கும். கூட்டில புகுந்தா விரட்ட முடியாது. வெள்ளெலிக்குக் கண்ணோரமும் மூக்கோரமும் செவப்பு அப்பியிருந்தா கடைக்காரன், “ரத்தம் இல்லே சாரே, வெறும் சாயம்”பான். பொய்யில்லே, போர்பிரின்னு பேரு. உடம்புக்கு ஆகாதப்பம்தான் அது நிறைய வடியும்கதை மட்டும் சொல்ல மாட்டான். வளர்ந்த வெள்ளெலிக்குப் பல்லு மஞ்சளாத்தான் இருக்கும், அது குத்தமில்லே. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தலேன்னாத்தான் குத்தம். தேயாம வளர்ந்துக்கிட்டே போகும், தின்ன முடியாது, பிள்ளைக்கும் அந்தக் கோணல் வரலாம். வாலடி நனைஞ்சிருந்தா வயித்துப்போக்கு. ரோமம் திட்டுத்திட்டா கொட்டியிருந்தா சொறிப்பூச்சியோ படையோ. படைன்னா உனக்கும் பத்தும், உன் அம்மைக்கும் பத்தும். பிறகு எலியோட நீயும் திண்ணையிலதான்.

ஆணா பெண்ணான்னு கடைக்காரன்கிட்ட கேக்காதே. வாலைத் தூக்கி நீயே பாரு: ரெண்டு துவாரத்துக்கும் இடைவெளி கூடினா ஆணு, நெருங்கினா பெண்ணு. எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டு வச்சிருந்தா பெட்டை சினையாத்தான் வரும். ஒண்ணு காசுக்கு, எட்டு இனாம். தகப்பன் பேரு கேக்கப்படாது. சுண்டெலிக்கு ஒரு கடுவனும் ரெண்டு பெட்டையும் போதும். பெட்டைக்கு ரெண்டு மாசமாவது ஆகியிருக்கணும். கினி பிக்னா முதல் ஈத்து தள்ளிப்போகப்படாது. ஆறேழு மாசம் தாண்டினா இடுப்பெலும்பு இறுகிப் பிரசவத்தில தாயே போயிடலாம். அதுக்கு வைட்டமின் சி உடம்பில ஊறாது, நெல்லிக்காய் குடு.

ஹேம்ஸ்டர் விக்கவன் “இது வேற ரத்தம், அது வேற ரத்தம்”னு அளப்பான். தலையை மட்டும் ஆட்டு. 1930-இல் சிரியாவில அலெப்போ பக்கம் ஒரு குழியைத் தோண்டித் தாயும் குட்டிகளுமா எடுத்தாங்க. அந்த ஒரே ஈத்தில பிழைச்ச மூணு நாலுதான் இன்னைக்கு வீடுகள்ல வளருத பொன்னிற ஹேம்ஸ்டர் ஏறக்குறைய எல்லாத்துக்கும் பாட்டன் பாட்டி. வளர்ந்த ரெண்டை ஒரே கூட்டில குடிவைக்காதே; கடிச்சுக் குதறும்.

ரெண்டு இடத்தில வாங்கினா மூணு வாரம் தனித்தனி முறியில வை. அதுக்குள்ள மச்சில ஓடுத எலியைப் பிடிச்சுப் புது ரத்தம்னு கூட்டில விட்டுடாதே. அது மூத்திரத்தில எலிக்காய்ச்சல் இருக்கும். 2018 கேரள வெள்ளம் வடிஞ்ச பிறகு டாக்ஸிசைக்ளின் குளிகை எதுக்குக் குடுத்தான்னு நினைச்சே?

இன்னொரு கனவும் உனக்கு உண்டும்: பக்கத்தில பூஜப்புரையில ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆராய்ச்சிக்கூடம் இருக்கே, அங்க வித்துடலாம்னு. 1998 சட்டவிதிப்படி ஆராய்ச்சிக்கு எலி வாங்குதவன் பதிவு உள்ள வளர்ப்பாளன்கிட்டதான் வாங்கணும். உன் கட்டிலுக்கடியில பிறந்ததுக்கு அங்க கதவு திறக்காது.

கடைசியா ஒரு கணக்கு. சுண்டெலி மூணு வாரத்தில ஈனும். ஈன்ற அன்னைக்கே மறுபடி சினைபிடிக்கும். குட்டி ரெண்டு மாச வாக்கில தானே பெத்துப்போட ஆரம்பிச்சிடும். அதனால கடைக்குப் போகும் முன்னே, குட்டியை வாங்கிக்கிடுதேன்னு சொன்ன பத்து பேரைத் தாளில எழுது. என் பேரை எழுதாதே. பத்து தேறலேன்னா நல்ல மூச்சுள்ள ரெண்டு பெட்டையை மட்டும் வாங்கிச் சும்மா வளர்த்துக்கோ, வம்சம் வேண்டாம்.