அரை நிமிஷ ரசிகர்

புதுக் கார் வாங்கினால் பினாங்கு குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் சந்நிதியில் நிறுத்திப் பூஜை போட்டு, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிற சம்பிரதாயத்தில் நம் அன்பர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆனால் நசுங்கிய பழத்தின் சாறு டயரில் உலர்வதற்கு முன்பே வண்டியை ஜெலுத்தோங் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டு, கம்பெனியார் பொருத்தி அனுப்பிய ரேடியோவைக் கழற்றச் சொல்லிவிடுவார். "ஒரிஜினல் செட்டு சும்மா பேருக்குத்தாண்ணே. அதுல பாட்டுக் கேக்கறதுக்குக் கேக்காமலே இருந்துறலாம்" என்பது அவருடைய சித்தாந்தம்.

ரேடியோவுக்கென்று ஜெர்மானியர் வகுத்த துவாரம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்பதும், திரை வைத்த பெட்டிக்கு அந்த உயரம் இரட்டிப்பாக வேண்டும் என்பதும், மஞ்சள் கம்பியில் சதா மின்சாரம் இருக்க, சிவப்புக் கம்பியில் சாவியைத் திருப்பினால் மட்டுமே இருக்கவேண்டும் என்பதும், இரண்டையும் மாற்றி முடிந்துவிட்டால் சாவியை எடுத்த மாத்திரத்தில் பெட்டி தன் ஞாபகம் அனைத்தையும் இழந்துவிடும் என்பதும் அவர் வாயிலாகவே எனக்குச் சித்தித்த ஞானம். பின்புறச் சாமான் அறையை வூஃபர் பெட்டி ஆக்கிரமித்துக்கொண்டதால், சந்தையில் வாங்கிய அரிசிப் பை அவர் மனைவியாரின் மடியில் பிரயாணம் செய்கிறது.

இருக்கட்டும், அவரவர் காசு, அவரவர் இஷ்டம். இத்தனை திரவியத்தைச் செலவழித்துச் சாதனங்களைப் பொருத்திய மனிதர் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்கிறாரா என்பதுதான் என் கேள்வி. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு அவரோடு ஒருமுறை வந்து பாருங்கள். 1985-இல் திறந்த நம் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். சட்டத்துக்கு அடங்கி ஓட்டினால் இரண்டு பாட்டுகளை ஆர அமரக் கேட்டு முடிக்கலாம். அன்பரின் காரிலோ, முன்னிசையில் உருமி ஒரு முழக்கம் முழங்கி ஓய்ந்து, பாடகர் மூச்சை உள்ளே இழுத்து வாயைத் திறக்கப்போகிற தறுவாயில், அவருடைய ஆள்காட்டி விரல் திரையின்மேல் பாய்ந்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். அதிலும் அரை நிமிஷம். தபலாவின் இடதுகை ஒருமுறை கும்மென்று இறங்கியவுடன் மறுபடியும் விரல். இலை போட்டு உபசரித்து, முதல் கவளம் வாய்க்குள் போனதும் இலையை இழுத்துக்கொள்கிற விருந்து இது. பல்லவிக்கு அப்பால் சரணம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தக் கார் அறியாது.

முழக்கம் கேட்கும்போதெல்லாம் அவர் பார்ப்பது சாலையை அன்று, நம் முகத்தை. "கேட்டுச்சாண்ணே? நெஞ்சுல வந்து உக்காருது பாருங்க!" என்பார். நன்றாயிருக்கிறது என்று சொன்னால் எந்தக் கம்பெனி ஆம்பிளிஃபையர் என்ற வியாக்கியானம் தொடங்கும்; வாயை மூடிக்கொண்டிருந்தால், காதில் விழவில்லை போலும் என்ற கருணையால் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டியதும் கதவுத் தகடு கடகடக்கும். பின்னோக்குக் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் வரும் லாரி ஒன்றாயிருந்தாலும் இரண்டாகத் தெரியும்.

மனிதர் கெட்டவர் அல்லர். தைப்பூசத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பினாலும் பால்குடத்தோடு ஒரு குடும்பத்தையே தண்ணீர்மலை அடிவாரம் வரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். அதற்காக யாரிடமும் ஒரு வெள்ளி வாங்கியதில்லை. ஆகையினால்தான் இவ்வளவு காலமும் பொறுத்திருந்தேன்.

சென்ற மாதம் என் அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அவரே வந்தார். பாதி வழியில் கிழவி மெதுவாக, "தம்பி, மின்னல் ரேடியோல செய்தி சொல்ற நேரம். கொஞ்சம் வையேன்" என்றாள். அன்பர் திரையைத் தடவித் தடவி ரேடியோவைக் கண்டுபிடித்து வைத்தார். மழை பெய்கிறாற்போல் ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து எப்போதாவது ஒரு தமிழ்ச் சொல். கம்பெனி ரேடியோவில் தெளிவாக வந்துகொண்டிருந்த நிலையந்தான். காரணத்தைப் பிற்பாடு விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கினார்: ஆன்டெனாவோடு சேர்ந்த சிறு பூஸ்டருக்கு மின்சாரம் கொடுக்கவேண்டிய நீலக் கம்பியைப் பட்டறையில் எதனோடும் முடியாமல், டேப்பைச் சுற்றி உள்ளே செருகிவிட்டார்களாம். பினாங்கு வயர்லெஸ் சங்கத்தார் 1934-இலேயே தமிழ் உட்பட நான்கு பாஷைகளில் ஒலிபரப்பிய ஊரில், ஆயிரக்கணக்கான வெள்ளி விழுங்கிய ஒரு பெட்டிக்குள் தமிழ்ச் செய்தி நுழைய வழியில்லை. அந்தக் கம்பியை முடிந்துவிடச் சொன்னேன். "ரேடியோல்லாம் இப்ப யாருண்ணே கேக்கறா?" என்றார்.

என் அத்தை கேட்கிறாள். அவளுக்கு வூஃபர் வேண்டாம். செய்தியும், அதற்குப் பிறகு ஒரு பழைய பாட்டும், அந்தப் பாட்டை யாரும் நடுவில் வெட்டாமல் இருப்பதும் போதும்.

ஆகவே பட்டர்வொர்த்தில் நின்றுகொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அன்பர் கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணே" என்று அழைத்தால், கடற்காற்று வாங்கச் சொல்லி டாக்டர் உத்தரவு என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் படகுத்துறைக்கு நடையைக் கட்டுங்கள். 2021-ஆம் ஆண்டிலிருந்து அங்கே கார்களை ஏற்றுவதில்லை.