ஹெடர் டேங்கில் கேப்பைக்கூழ்

மைத்துனர் துபாய்க்குக் கிளம்பும்போது என்னிடம் இரண்டு பொருள்களை ஒப்படைத்தார். ஒன்று, பேருந்து நிலையம் வரை போட்டுவந்த பழைய செருப்பு. இன்னொன்று, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நின்ற விசைப்படகு. "சும்மா பாத்துக்கிடுங்க அத்தான்" என்றார். செருப்பை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

படகின் எஞ்சினுக்கு வயது 24. ஆறு சிலிண்டர். லாரிக்காகப் பிறந்து கடலுக்குத் தத்துப்போன ஜாதி. லாரியில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்கிறது. குழாய்க்கு ஒருபுறம் கூலன்ட், மறுபுறம் கடல் தண்ணீர். சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும். மற்றபடி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி, ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காது. எஞ்சின் ஆயிலும் ஆயில் கூலருக்குள் கூலன்டோடு இப்படித்தான் தனிக்குடித்தனம்.

ஏப்ரல் 15, தடைக்காலம் ஆரம்பித்த முதல் நாள். 61 நாள் கடலுக்குப் போக முடியாது என்பதால் துறைமுகம் முழுக்கச் சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாடையும். நானும் வேலை பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டுமே என்று, ஆறிக் கிடந்த எஞ்சினின் ஹெடர் டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே பச்சை நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். இருந்தது கேப்பைக்கூழ். வெங்காயமும் மோர்மிளகாயும்தான் பாக்கி.

ஆயில் கூலன்டில் கலந்துவிட்டது. வாட்டர் பம்ப் அதை மத்துப் போட்டுக் கடைந்திருக்கிறது. இது எனக்கு உடனே புரிந்தது. 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். புரிந்ததோடு நிறுத்தியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடாமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஓடும்போது ஆயில் பிரஷர் 4 கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோகூட இல்லை. ஆக, ஓட்டை எங்கிருந்தாலும் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் பாயும். டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் குறைந்திருந்தது, ஆனால் தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. இந்த அடையாளத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் கூலரை. நானோ ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஹெட்டிலேயே விரிசல் இருக்கலாம் என்று அடிக்குறிப்பும் எழுதினேன். தலைவலிக்கு மூளைக்கட்டி என்று எண்ணிக்கொள்கிற பரம்பரை எங்களுடையது.

கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து ஹெடர் டேங்கில் குமிழி விடும் என்று படித்திருந்தேன். சோதித்துவிடலாம். ஆனால் அந்தக் கூழில் குமிழி எங்கே தெரியும்? முதலில் கழுவுவோம் என்று, வீட்டிலிருந்து பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு பாட்டில் கொண்டுபோய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டேன். குமிழியா வந்தது? மலையாக நுரை பொங்கி, மூடி வழியாக வழிந்து, எஞ்சின் அறையை நிறைத்து, என் முழங்காலுக்கு வந்தது. "கேஸ்கெட்டேதான்!" என்று வெற்றிக்குரல் கொடுத்தேன்.

பக்கத்துப் படகில் நின்ற மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, சோப்பைப் போட்டுக் கலக்கிட்டு நுரை வருதுன்னா எப்படி?"

இந்த எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த ருடால்ஃப் டீசல், 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் டிரெஸ்டன் என்ற கப்பலிலிருந்து காணாமல் போனார். ஏன் என்று இன்றுவரை பல கதைகள் சொல்கிறார்கள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு கதை மட்டும் நம்பும்படியாக இருந்தது.

மறுநாள் என் மனைவி வந்தாள். மீனவர் வீட்டுப் பெண். கூழில் விரலை விட்டு முகர்ந்தாள். "டீசல் வாடை இல்ல. கியர்பாக்ஸ் ஆயில் குறைஞ்சிருக்கா?" குறையவில்லை. "அப்ப ஆயில் கூலரைக் கழட்டச் சொல்லுங்க. எங்க அப்பா போட்டுலயும் இதேதான்." நாலு பக்க நோட்டு எழுதியவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கழற்றிய கூலரை மெக்கானிக் ஆய்வுக்கூடம் எதற்கும் கொண்டுபோகவில்லை. பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனார். ஆயில் போகும் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றுக் குழாயை மாட்டி, டியூப் முக்கும் தொட்டியில் முக்கினார். உள்ளே ஒரு குழாயிலிருந்து கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. கேஸ்கெட் குற்றமற்றது.

கூலருக்குள் இருக்கும் குழாய்க் கட்டை, அதாவது கோரை, மாற்றினோம். ஆயில் பட்டு உப்பிக் கொழகொழத்த ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். கழுவுவதுதான் பெரும்பாடு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, நுரைக்காத டிகிரீசர் ஊற்றி, எஞ்சினைச் சுடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்து, ஆறாவது தடவைதான் தண்ணீர் தண்ணீராக வந்தது. அதில் இரண்டு தடவை என் சோப்பை வெளியேற்றுவதற்கே போயிற்று. வடித்ததைக் கடலில் விடாமல் கேன்களில் பிடித்தோம். அந்தக் கேன்களை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று மனைவியின் உத்தரவு. கூலன்ட் தித்திக்கும், பூனை நக்கினால் செத்துப்போகும்.

பழைய கோரை மெக்கானிக் குறுக்கே அறுத்துக் காட்டினார். குழாய்களில் வெள்ளையாக உப்பும் பச்சையாகக் களிம்பும் ஏறி, ஒரு இடத்தில் செல்லரித்த மாதிரி ஓட்டை.

"கூலன்ட் குறைஞ்சா என்னத்த ஊத்துவீங்க, அண்ணாச்சி?"

வடிநீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். மூன்று வருஷமாக நான் ஊற்றியது எங்கள் வீட்டு போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. காசு மிச்சம் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் கடலைப் பார்த்தேன். எனக்குப் பதிலாக மனைவி சொல்லிவிட்டாள்.

மைத்துனருக்கு, "ஆயில் கூலர் பழசு, மாத்தியாச்சு" என்று செய்தி அனுப்பினேன். ஜூன் 15 அன்று படகு கடலுக்குப் போயிற்று. கலந்த கூலன்ட் கேன் இப்போது டிரைவரின் பொறுப்பில் இருக்கிறது. ஹெடர் டேங்க் மூடியைத் தொட எனக்கு அனுமதி இல்லை.