செவிலியர் அதிகாரவியல்

ஸ்டாஃப் நர்ஸுக்கு வழங்கப்படும் அதிகாரம் ஐவகைப்படும் என்பர் ஆன்றோர். ஆன்றோராவார், ஏசி அறைக் கருத்தரங்கில் பவர்பாயிண்ட் காட்டுவோர்.

பெயரதிகாரமாவது, பெயர்ப்பலகையோடு நிற்பது. 2016இல் மத்திய அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸ் ‘நர்சிங் ஆபீசர்’ ஆனார். நெல்லை வார்டில் ஆச்சிகள் வழக்கு வேறு: “யம்மா சிஸ்டரு, குளுக்கோசு முடிஞ்சிட்டு, வந்து பாருங்கம்மா.”

இரண்டாவது கேக்கதிகாரம், செவிலியர் தினமான மே 12 அன்று மட்டும் தோன்றும். நைட் டூட்டிக்காரருக்கு அதில் மெழுகுவர்த்தியே மிஞ்சும்.

மூன்றாவது பொறுப்பதிகாரம், எங்கும் மலிந்தது. போர்வைக் கணக்கு, மஞ்சள் சிவப்புக் குப்பைத் தொட்டிகள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய இரவு எழுதி முடிக்கும் பதிவேடுகள் யாவும் இதன்பாற்படும். போர்வை குறைந்தால் விளக்கம் எழுதுபவர் இவர். போர்வை வாங்கும் கமிட்டியில் இவருக்கு நாற்காலி கிடையாது. ஆதலின் இதனை அதிகாரப்போலி என்க.

நான்காவது சம்பளம். இது அதிகாரமாகாது என்பார் உளர். ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்கர் 1959இல், சம்பளம் மனக்குறையைத் தணிக்குமேயன்றி மனநிறைவு தாராது என்றார். அவர் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம் கண்டவரல்லர். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான நர்ஸுகள் அத்தொகைக்குச் சேர்ந்தார்கள். ஈராண்டில் நிரந்தரம் என்பது பேச்சு. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் போராட உட்கார்ந்தபோது, மனக்குறையே தணியவில்லை. மனநிறைவுக்கு எங்கே போவது?

ஐந்தாவது மெய்யதிகாரம். இது கருத்தரங்கில் பிறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தது தமிழ்நாடு. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றை நினைத்துக்கொள்க. இரவு இரண்டு மணி. வலி எடுத்தவள் கட்டிலில். அவள் அம்மா வாசலில் வெற்றிலைப் பையோடு. நர்ஸ் கர்ப்பப்பை வாய் திறப்பைப் பார்த்து பிரசவ முன்னேற்றம் காட்டும் பார்ட்டோகிராப் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். புள்ளி எச்சரிக்கைக் கோட்டுக்கு இடப்பக்கம் நின்றால் இங்கேயே பார்க்கலாம். வலப்பக்கம் சாய்ந்தால் டாக்டருக்குப் போன், 108 ஆம்புலன்ஸ், நெல்லை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. முதலில் முடிவெடுப்பவர் அவரே. “நான் பார்த்த கேஸ்” என்று ஒரு நர்ஸ் சொல்வது இவ்வகை அதிகாரத்தில்தான்.

இதற்கும் ஒரு புறனடை உண்டு. மூவரில் ஒருவர் லீவு எடுத்தால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேர டூட்டி. கண் சொக்கும்போது எந்தக் கோடும் நேராகத் தெரியாது.

பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் அளவு. கண்காணிப்பாளர்களே, அடுத்த கருத்தரங்குக்கு முன் அதைத் தமிழில் எழுதி வார்டு வாசலில் ஒட்டுங்கள். டூட்டி லிஸ்ட் போடும் பேனாவையும் ஒரு மாதம் நர்ஸுகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.