குளத்துக்கேற்ற மீன்

கேள்வி: சென்னையில் 500 லிட்டர் நீர் கொள்ளும் தோட்டக் குளத்தில் கோய் மீன் விடலாமா?

பதில்: விடலாம், பின்னர் ஏரி ஒன்றை விலைக்கு வாங்கும் வசதி இருந்தால். ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதியில் கெண்டையிலிருந்து வண்ணத்துக்காக வளர்த்தெடுக்கப்பட்ட கோய், 60 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அதோடு, 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்குமாதலால், அக்னி நட்சத்திர வெயிலில் அப்பேருடலுக்கு மூச்சு முட்டும். கொசுப்புழுவைத் தின்பதும், முட்டையிடாமல் குஞ்சுகளையே ஈனுவதுமான கப்பி, நிழலும் அல்லியிலையும் உள்ள இச்சிறு குளத்துக்குப் போதும். அது பெருகும் வேகத்தில் உறவினர் அனைவருக்கும் சீர்வரிசை அனுப்ப நேரிடலாம். ஆனால் தென்னமெரிக்க இனமாகிய அதை ஏரியிலோ கால்வாயிலோ விடுவது உள்ளூர் மீன்களுக்குக் கேடாகும்.